‘ஏ’, ‘ஆன்’, ‘தி’: தமிழர்கள் தடுமாறும் இடங்கள்

பாம்பன் கடற்கரையில் ஒருவர் ‘வலை வாங்கினார்’ என்று சொன்னால், ஏதோ ஒரு வலை என்று புரிந்துகொள்கிறோம். ‘வலையை வாங்கினார்’ என்றால் கதை வேறு. விலை பேசிவைத்திருந்த வலை, கேட்பவருக்கும் தெரிந்த வலை. முதலாவது ஆங்கிலத்தில் ‘ஹி பாட் ஏ நெட்’, இரண்டாவது ‘ஹி பாட் தி நெட்’. ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே நாம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியிருக்க, ‘தமிழில் ஆர்டிகிள் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஏ, ஆன், தி) கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்கு அது வராது’ என்று சொல்லிச் சொல்லி அவர்களை மிரட்டிவைத்திருப்பது பெரிய அநியாயம். எழுதத் தயங்கும் இடத்தில் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘படகு வாங்கினான்’ என்று வருகிறதா, ‘படகை வாங்கினான்’ என்று வருகிறதா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பாதி விடைதான். ஆட்களைக் குறிக்கும் பெயர்களில் இந்தச் சோதனை பலிக்காது. முன்பின் தெரியாத டாக்டராக இருந்தாலும் ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்கிறோம். எழுவாயிலும் உருபு வராது. அங்கெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: எதைச் சொல்கிறேன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா?

பள்ளியில் சொல்லித்தரும் சூத்திரம் ஒன்று இந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது. முதல் தடவை சொன்னால் ‘ஏ’, மறுபடி சொன்னால் ‘தி’ என்பது அது. தவறில்லை, ஆனால் போதாது. ஊரில் ஒரே ஒரு படகுத்துறைதான் இருக்கிறது என்றால், அதைப் பற்றி முதல் வார்த்தை பேசும்போதே ‘தி ஜெட்டி’தான். சூரியனும் நிலாவும் அப்படியே.

ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். புயலில் படகு சேதமானவர் மீன்வளத் துறைக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஐ ஹேவ் கன்ட்ரி போட். போட் வாஸ் டேமேஜ்ட் இன் சைக்ளோன். ஐ ரிக்வெஸ்ட் ரிலீஃப்.’ முதல் வாக்கியத்தில் ‘ஏ கன்ட்ரி போட்’ வேண்டும். அதிகாரிக்கு அந்தப் படகு இப்போதுதான் அறிமுகமாகிறது. அடுத்ததில் ‘தி போட்’. ‘இன் தி சைக்ளோன்’ என்று எழுதினால், போன வாரம் அடித்த, இருவருக்கும் தெரிந்த புயல். ‘இன் ஏ சைக்ளோன்’ என்று எழுதினால் எந்தப் புயல், எப்போது என்று மறுகேள்வி வரும். ‘ரிலீஃப்’ முன்னால் எதுவும் வேண்டாம், எழுதியபடியே சரி. நிவாரணம் கேட்டு எழுதும் தாளில் இந்தச் சிறு சொற்கள் இவ்வளவு வேலை செய்கின்றன.

தொழிலைச் சொல்லும்போது ‘ஏ’ விட்டுப்போவது அநேகமாக எல்லோருக்கும் நேர்கிறது. ‘என் அப்பா மீனவர்’ என்ற பழக்கத்தில் ‘மை ஃபாதர் இஸ் ஃபிஷர்மேன்’ என்று எழுதிவிடுகிறோம்; ‘ஏ ஃபிஷர்மேன்’ என்று வர வேண்டும். ராமேஸ்வரத்தில் பிறந்த கலாமைப் பற்றி எழுதினால், ‘ஹி வாஸ் ஏ சயின்டிஸ்ட்’, விஞ்ஞானிகளில் ஒருவர். 2002 முதல் 2007 வரை அவர் வகித்த பதவியைச் சொன்னால் ‘தி லெவன்த் பிரசிடென்ட் ஆஃப் இந்தியா’; பதினோராவது குடியரசுத் தலைவர் ஒருவர்தானே.

‘ஏ’யா ‘ஆன்’ஆ என்பதில் நமக்கு நல்ல துணை உண்டு. ஒரு மீன், ஓர் ஊர் என்ற விதி நமக்குத் தெரிந்ததே. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்து, உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, உயிர்மெய்யில் தொடங்கினால் ‘ஏ’ என்று கொள்ளலாம். ‘யுனிவர்சிட்டி’ யுவில் தொடங்குகிறது, ஆகவே ‘ஏ யுனிவர்சிட்டி’. ‘எஃப்.ஐ.ஆர்.’ எகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன் எஃப்.ஐ.ஆர்.’. ஆனால் நம் உச்சரிப்பு காலை வாரும் இடங்கள் சில உண்டு. எம்.எல்.ஏ.வை ‘யெம்மெல்லே’ என்று சொல்பவர் ‘ஏ எம்.எல்.ஏ.’ என்றே எழுதுவார், ‘ஆன்’தான் சரி. ஒன்று என்னும் எண்ணை ‘ஒன்’ என்று எழுதினாலும் அதன் ஒலி வகரத்தில் தொடங்குவதால் ‘ஏ ஒன் வே டிக்கெட்’. வருடத்தைக் குறிக்கும் ‘இயர்’ உண்மையில் யகரத்தில் தொடங்கும், அதனால் ‘ஏ இயர்’. காதைக் குறிக்கும் ‘இயர்’ என்றால் ‘ஆன் இயர்’. நேர்மையைச் சொல்லும் சொல்லில் ‘ஹ’ ஒலிக்கவே ஒலிக்காது: ‘ஆன் ஆனஸ்ட் மேன்’. போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இவை திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

ஊர்ப் பெயருக்கு ‘தி’ இல்லை. ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை எல்லாம் வெறும் பெயர்களே. நீர்ப்பரப்புகளில்தான் சிக்கல். மன்னார் வளைகுடா ‘தி கல்ஃப் ஆஃப் மன்னார்’, வங்காள விரிகுடா ‘தி பே ஆஃப் பெங்கால்’. நடுவில் ‘ஆஃப்’ வந்தால் முன்னால் ‘தி’ வரும் என்று நினைவில் வைக்கலாம். பாக் நீரிணை ‘தி பாக் ஸ்ட்ரெய்ட்’. ஆனால் பாக் விரிகுடா வெறும் ‘பாக் பே’. வைகை ஆறு ‘தி வைகை’. தனித் தீவுக்கு ‘தி’ கிடையாது, ‘குருசடை ஐலண்ட்’ என்றால் போதும். தீவுக்கூட்டமாக இருந்தால் ‘தி மால்டிவ்ஸ்’.

கடல் என்ற சொல்லை நம் பகுதிப் பிள்ளைகள் அடிக்கடி எழுதுவார்கள். ‘ஹி இஸ் அட் ஸீ’ என்றால் அவர் கடலில் படகிலோ கப்பலிலோ இருக்கிறார். ‘ஹிஸ் ஹவுஸ் இஸ் பை தி ஸீ’ என்றால் வீடு கடலோரம். பள்ளிக்கும் இதே வழிதான். படிக்கப் போகிற பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’. கட்டணம் கட்டப் போகிற தாய் ‘கோஸ் டு தி ஸ்கூல்’.

பொதுவாகப் பேசும்போது தேவையில்லாமல் ‘தி’யைச் சேர்ப்பதும் பெரிய தவறு. வாலிநோக்கத்தில் உப்பு விளைகிறது என்பதற்கு ‘ஸால்ட் இஸ் மேட் இன் வாலிநோக்கம்’ போதும். சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பை எடுத்துத் தரச் சொன்னால் மட்டும் ‘பாஸ் மீ தி ஸால்ட்’. எண்ண முடியாத ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’ போன்றவற்றுக்கு ‘ஆன்’ போடவே கூடாது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘ஏ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்’ என்று எழுதுங்கள்.