காதலரை விடுங்கள், அட்டிகையைப் பாருங்கள்

பல தலைமுறைக் காதல்களை ஒரு மந்திர அட்டிகை கோக்கும் நாவலா? நூலக ரசீதின் பின்பக்கம் அட்டிகை எந்த ஆண்டில் யார் கையில் என்று மட்டும் குறித்து, அந்தச் சீட்டையே புத்தகக்குறியாக வையுங்கள். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நாலு நிறுத்தம் படித்துவிட்டு மூடுகிறவர்களுக்கு, பின்னால் புரட்டித் தேடும் வேலை மிச்சம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கத்தில் ஒரே கதையில் மூன்று முத்தையாக்கள் வந்துவிடுவார்கள். நகையோ ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். ஆண்டு சொல்லாத அத்தியாயத்தில் சிங்கப்பூரைச் ‘சியோனான்’ என்றால் அது ஜப்பானியர் காலம், 1942 முதல் 1945 வரை. யாராவது எம்ஆர்டி ஏறினால் 1987க்கு முன்பு இருக்க வாய்ப்பில்லை (எழுத்தாளர் சறுக்கியிருந்தால் ஒழிய!).

அட்டிகையே ஆளைக் காலம் விட்டுக் காலம் தூக்கிப்போடும் கதைக்கு இது உதவாது. அங்கே ஆண்டு வரிசையே குழம்பிவிடும். ஜோடித் தோடு பிரிந்து இரண்டு வீட்டுக்குப் போனால், சரி, சீட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.