பயிற்சியைக் காபியோடு முடிச்சுப் போடுங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் என் அத்தை, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்ததும், "நேரம் கிடைக்கும்போது பயிற்சி செய்கிறேன்" என்றார். கிடைக்கவே இல்லை. பிறகு ஒரு வழி செய்தோம். காலைக் காபி ஆறும்வரை பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமலிருக்க இது உதவும். தொடரில் விளம்பரம் வந்தால், தொடைத் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்த வேண்டும். எண்ணுவது பேத்தி, அவளை ஏமாற்ற முடியாது! முடிந்ததும் நாட்காட்டியில் ஒரு கோடு.

வலிக்குப் பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சற்று முன்பு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அனுமதிக்கும்வரை தரையில் உட்கார வேண்டாம்: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு நழுவக்கூடும். அத்தையின் கொலுசு வேலை இப்போது உயரமான நாற்காலியில்தான் நடக்கிறது, முணுமுணுப்போடு.