பறவைக்கு டாக்டரை இன்றே தேடி வையுங்கள்

கூண்டுப் பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் நேரம் அதிகமில்லை. எங்கள் நீலப் பட்ஜி (லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கும் சின்னக் கிளி) அப்படி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் நான் போன் செய்த இடமெல்லாம் "நாய், பூனைதான் பார்ப்போம்" என்றார்கள். அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம்.

நலமாக இருக்கும்போதே விசாரியுங்கள். பி.வி.எஸ்சி. பட்டமும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவும் எல்லாக் கால்நடை டாக்டருக்கும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கிளி, பட்ஜி அடிக்கடி பார்க்கிறீர்களா? கிராம் கணக்கில் எடை போடும் தராசு இருக்கிறதா? பட்ஜி 30, 40 கிராம்தான். மருந்து ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. எடையே போடாமல் மருந்து எழுதினால் வேறு இடம் பாருங்கள்.

உள்ளூரில் அமையாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும், வளர்ப்புப் பறவை பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். கோழி வைத்தியமும் கிளி வைத்தியமும் ஒன்றல்ல.

ஏற்காட்டுக்காரர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே. சின்னக் கூண்டில் வைத்து, மெல்லிய துணி போர்த்தி, காற்றுக்கு ஒரு பக்கம் விடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், வளைவில் சிந்திப் பறவை நனைந்துவிடும். அப்புறம், கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். எச்சத்தின் நிறத்தை டாக்டர் முதலில் கேட்பார்.