சுரண்டும் முன் சிறிது தண்ணீர் தெளியுங்கள்

ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக் கூண்டுகளைச் சுத்தம் செய்பவர்கள், எலிகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றிய பிறகு, பழைய கூண்டில் கிடக்கும் மரத்தூளின்மேல் தெளிப்பானால் தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, தூளின் நிறம் கறுத்து அது ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதும் சுரண்டிக் கொட்டுங்கள். நாலைந்து அழுத்தல் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் தூள் கூண்டின் மூலைகளில் அப்பிக்கொண்டு வேலை இரட்டிப்பாகும்.

தும்மல், கண் அரிப்பு, நாளடைவில் ஆஸ்துமா ஆகியவற்றைத் தூண்டும் புரதம் எலியின் சிறுநீரில் இருக்கிறது, அதிலும் ஆண் எலிகளின் சிறுநீரில் அது மிக அதிகம். சிறுநீர் காய்ந்ததும் அந்தப் புரதம் நுண்ணிய தூசியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டும்போது முகத்துக்கு நேரே எழும்புகிறது. ஈரத்தூசி எழும்பாது, தரையிலும் அலமாரியிலும் படியாது என்பதால் பிறகு துடைக்கும் நேரமும் மிச்சமாகும். தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனின் ஈரக்காற்றில் இது அவ்வளவாகத் தெரியாவிட்டாலும், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து வறண்ட குளிர்காலத்தில் வித்தியாசம் கண்கூடு.

தொற்றுக் கிருமியோ கதிரியக்கப் பொருளோ கொடுக்கப்பட்ட எலிகளின் கூண்டுகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு ஆய்வுக்கூடம் வகுத்த தனி முறையையே பின்பற்ற வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டோம் என்பதற்காக நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி2 முகக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இளைப்பு வருபவர்கள், தெளித்துச் சமாளிக்கப் பார்க்காமல், தொழில்நல மருத்துவரை உடனே பார்த்துவிடுங்கள்.