பிள்ளைகளைப் பயத்தோடு வளர்க்கும்போது நேரும் தவறுகள்

"விழுந்துடுவே, இறங்கு!" மரத்தில் ஏறும் பிள்ளையைப் பார்த்ததும் வாயில் வருவது இதுதான். "ஜாக்கிரதை", "பார்த்து" என்பவையும் இதே வகை. எதைப் பார்க்க வேண்டும் என்பது அதில் இல்லை; நம் பதற்றம் மட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. கிளையில் இருக்க வேண்டிய கவனமும் நம் பக்கம் திரும்பிவிடுகிறது. "அடுத்த காலை எங்கே வைக்கப்போறே?", "அந்தக் கிளை தாங்குமா, முதல்ல அழுத்திப் பாரு" என்று சொல்லிப் பாருங்கள். அபாயத்தைக் கணிக்கும் வேலை பிள்ளையின் கைக்குப் போகும்.

வாய் திறக்காவிட்டாலும் முகம் காட்டிக்கொடுக்கும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் தவழவிட்டார்கள். நடுவில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். எதிரே இருந்த தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

நாங்கள் மிகவும் கவலைப்படும் தவறு, பிள்ளை பயந்தவுடன் அந்த இடத்திலிருந்து அதை மீட்டுவிடுவது. கடைக்காரரிடம் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்காக நீங்களே பேசினால் இருவருக்கும் உடனே நிம்மதி. ஆனால் 'நான் பேசாததால்தான் தப்பித்தேன்' என்றே பிள்ளையின் மனம் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பயம் கூடும். இதைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். முதலில் நீங்கள் பக்கத்தில் நிற்க, பிள்ளை ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். அது பழகியதும் நாலடி தள்ளி நில்லுங்கள். பிறகு கடை வாசலில். பதற்றம் நன்றாகத் தணியும்வரை அதே படியில் இருங்கள். அழுதால் ஒரு படி இறங்கலாம், அடியோடு விட்டுவிடக் கூடாது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏலி லெபோவிட்ஸ் வகுத்த சிகிச்சைமுறையில் அமர்வுகளுக்கு வருவது பெற்றோர் மட்டுமே. பிள்ளையின் பதற்றத்துக்கு வளைந்துகொடுப்பதை அவர்கள் குறைக்கப் பழகுகிறார்கள். பிள்ளைகளுக்கே நேரடியாகத் தரும் அறிதல்-நடத்தை சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை) இணையான பலன் இதில் கிடைத்ததாக 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எல்லா அபாயத்தையும் ஒரே தராசில் வைப்பதும் தவறு. தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம்: சிறு குழந்தை சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடங்களில் மூழ்கிவிடும். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் பொதுவாகப் பத்து வயதுக்கு முன் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அதுவரை சாலையைக் கடக்கத் துணை தேவை. முழங்கால் சிராய்ப்பு அப்படியல்ல, அதைத் தடுக்கவே வேண்டாம்.

"சொன்னபடி கேக்கலேன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று மிரட்டினால், தொலைந்துபோகும் நாளில் உதவி கேட்க வேண்டியவரைக் கண்டே பிள்ளை ஒளிந்துகொள்ளும். அதற்குப் பதில் மூன்று விஷயங்களைக் கற்றுக்கொடுங்கள்: நின்ற இடத்திலேயே நிற்பது, சீருடைப் பணியாளரிடமோ குழந்தையோடு வந்திருப்பவரிடமோ உதவி கேட்பது, உங்கள் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்வது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே நாளில் "இனி நீயே பார்த்துக்கோ" என்று கைவிடாதீர்கள். எந்த வேலையானாலும் முதலில் செய்து காட்டுங்கள், பிறகு சேர்ந்து செய்யுங்கள், அதன்பின் கை கொடுக்காமல் பார்த்திருங்கள், கடைசியாகத் தனியே விடுங்கள். பயத்தால் பள்ளிக்கூடம், தூக்கம், சாப்பாடு வாரக்கணக்கில் கெட்டுப்போனால், வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.