எடிட்டர் தேர்வில் புதிய நிரலாளர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலோ கோலாலம்பூர் அலுவலகங்களிலோ நிரலாளராகச் சேரும் இளையோர் பலர், நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளான எடிட்டர்களில் எது சிறந்தது என்ற கேள்வியோடுதான் தொடங்குகின்றனர். திருத்தப்போகும் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது, அதில் எந்த மொழி எழுத்துகள் உள்ளன என்று முதலில் கேட்டால், தேர்வு பெரும்பாலும் எளிதாகிவிடும்.

மூத்தவர் ஒருவர் விம் என்னும், விசைப்பலகையால் மட்டுமே இயக்கக்கூடிய எடிட்டரில் வேகமாக எழுதுவதைக் கண்டு, பணி முடிக்கும் கெடு நெருங்கும் வேளையில் அதற்கு மாறுவது வீண் துன்பம். எச், ஜே, கே, எல் விசைகளால் நகரும் அந்த முறை, பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய வி எடிட்டரிலிருந்து வந்தது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) அந்த விசைகளின்மீதே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அது கைக்குப் படிய நாளாகும். அதற்காக அறவே ஒதுக்குவதும் சரியன்று. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தால், அங்கே பெரும்பாலும் வி அல்லது நானோ என்னும் எளிய எடிட்டர்தான் கிடைக்கும். எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி தட்டி என்டர் கொடுத்தால் வியிலிருந்து சேமிக்காமல் வெளியேறலாம் என்ற அளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டரைப் பயன்படுத்துவோர், கண்ணில் பட்ட நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) எல்லாம் நிறுவிவிட்டு எடிட்டர் மெதுவாகிவிட்டது என்று குறைப்படுவது வழக்கம். வேகத்தைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு: நீட்சிகள் எடிட்டருக்குள்ள அதே அனுமதிகளோடு இயங்குவதால், அறியாதவர் எழுதிய நீட்சி உங்கள் கோப்புகளையும் படிக்க முடியும்.

பலரும் எண்ணிப் பார்க்காதது தமிழ் எழுத்து. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிச் சொற்களைத் தாங்கும் செயலிகள் இங்கு உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையச் சாளரமோ திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து எழுத்துகளை அடுக்குவதால், தமிழ் வரிகள் சிதைந்ததுபோல் தோன்றும், கர்சரும் இடம் தவறும். கோப்பில் பிழையே இல்லாதபோது, திரையை நம்பி உயிர்மெய்க்குறிகளை அழித்துத் "திருத்துவது"தான் ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு: எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக்குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு. தேடியது கிடைக்கவில்லையென எடிட்டரை மாற்றுவதற்கு முன், இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வரிகளை உள்தள்ள டேப்பா, இடைவெளியா என்ற வாக்குவாதத்தில் செலவிடும் நேரம் எனக்கு வியப்பளிக்கிறது. ஒருவரின் எடிட்டர் சேமிக்கும்போதே முழுக்கோப்பையும் மறுவடிவமைத்தால், உண்மையில் மாறிய மூன்று வரிகளை, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அத்தகைய விதிகளை அவரவர் எடிட்டருக்குள் வைக்காமல், எடிட்டர்கான்ஃபிக் கோப்பாக (பல எடிட்டர்களும் படிக்கும் விதிக்கோப்பாக) திட்டத்துடனேயே வைக்க வேண்டும். எடிட்டர்களுக்கு ஆயுள் நிச்சயமில்லை என்பது இதற்கு இன்னொரு காரணம். பலர் விரும்பிப் பயன்படுத்திய ஆட்டம் எடிட்டரை அதை உருவாக்கிய கிட்ஹப் நிறுவனமே 2022 டிசம்பர் 15-இல் நிறுத்திவிட்டது.