பிராமன் மாட்டுக்கு மட்டும் 1,400 கிலோ காட்டிய வளர்ச்சிக் கோடு

அப்பாடா, ஒருவழியாகத் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பண்ணை ஒன்றில் ஆங்கஸ், பிராமன் என்ற இரு மாட்டினக் கிடாரிகளின் எடையை, வயதோடு எடை கூடுவதைக் காட்டும் பிராடி சமன்பாட்டில் பொருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கஸ் ஒழுங்காக வந்தது, பிராமனுக்கு மட்டும் முதிர்ச்சி எடை, அதாவது வளர்ந்து முடிந்த மாட்டின் எடை, 1,400 கிலோ! கணக்கைத் தொடங்கக் கொடுக்கும் உத்தேச மதிப்புகளை மாற்றினால், அது குவியாமலே, அதாவது ஒரு விடையில் நிலைக்காமலே நின்றது. கோம்பெர்ட்ஸ் என்ற இன்னொரு வளர்ச்சிச் சமன்பாட்டுக்கு மாறினேன், முதிர்ச்சி எடை குறைந்தது, ஆனால் பிறப்பெடை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

இனவாரியாக வரைந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பதிவுகள் 20 மாதத்தோடு முடிகின்றன. மெதுவாக முதிரும் பிராமனுக்கு அந்த வயதில் கோடு இன்னும் வளையவே இல்லை, அதனால் முதிர்ச்சி எடையைக் கூட்டி முதிரும் வேகத்தைக் குறைத்தாலும் பொருத்தம் அப்படியேதான் இருக்கும். அதே மந்தையில் ஐந்து வயதான, சினையில்லாத பசுக்களின் எடைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். இன வேறுபாட்டை முதிர்ச்சி எடை, வேகம் இரண்டிலும், மாட்டுக்கு மாடு வேறுபாட்டை முதிர்ச்சி எடையில் மட்டும் வைத்தேன். உடனே குவிந்தது, பிராமன் 560 கிலோவுக்கு இறங்கியது.

அப்புறம், சில எடைகள் இரவு முழுக்கத் தீவனம், தண்ணீர் இல்லாமல் நிறுத்தி எடுத்தவை. வயிற்றில் கிடப்பதே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரும், அதனால் அப்படி எடுத்த எடைகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.